பௌர்ணமிக்குப் பூட்டிய கடை

இதைக் கடையில் உட்கார்ந்து படிக்காதே. மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள். படித்து முடிக்கும்வரை, உன்னை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்ட வேலூர் சீனியருக்குப் போன் போடாதே. பேச வேண்டியதை நேரில் பேசாமல் இந்த மனுஷன் எதற்குக் காகிதம் எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். நேரில் பேசிப் பார்த்தாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் உன்னிடம் பதில் தயாராக இருக்கிறது. அது உன் சொந்தப் பதிலாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஏதோ ஒரு ஏ.சி. ஹாலில் வரிசையாக உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்ன பதில் அது என்று கேட்கும்போதே தெரிகிறது. விவசாயியிடமும் தரகரிடமும் பேரம் பேசியே தேய்ந்த காது இது. எவன் தன் பேச்சைப் பேசுகிறான், எவன் சொல்லிக்கொடுத்ததைப் பேசுகிறான் என்று அதற்குப் பிரிக்கத் தெரியும். காகிதத்திடம் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலூர் கூட்டத்தில் உன் அம்மாவை மேடையேற்றி, நாலே மாதத்தில் எப்படி இளைத்தாள் என்று பேச வைக்கப் போகிறாய். அவளை ஏற்றாதே. நீ பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்த நான்கு நாளில் இங்கே ஒன்று நடந்தது. அதை உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவள் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். ஆனால் உன் கடையைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஏன் சந்தேகம் என்பதையும் நீ சேர்த்துப் படித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவுக்கு நடந்ததை ஏதோ கெட்ட நேரம் என்று ஒதுக்கிவிட்டு மறுநாள் காலை பழையபடி மிக்சியைப் போடுவாய்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் அந்த இடத்தை வாடகைக்கு எடுத்தபோது என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். காலையில் நடக்கப் போகிற ரிட்டயர்டு ஆட்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். போர்டு எங்கே என்று கேட்டேன். வைக்கக் கூடாது என்றாய். ஜன்னலுக்கு எதற்குத் திரை என்றேன். உள்ளே நடப்பது வெளியே தெரியக் கூடாதாம், விதியாம். விலைப் பட்டியல் எங்கே என்றதற்கு, "இது கடை இல்லப்பா, கிளப்பு" என்றாய். காலையில் வந்து எடை பார்த்து, இடுப்பை டேப்பால் அளந்து, ஒரு கிளாஸ் மாவு பானமும் ஒரு கிளாஸ் டீயும் குடித்துவிட்டுப் போவார்கள், அன்றாடம் ஒரு தொகை கொடுப்பார்கள், ஆனால் அது விற்பனை கிடையாது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் திரை போட்டு நடத்துகிற இடம் ஒயின் ஷாப் பார் ஒன்றுதான், அதற்குக்கூட போர்டு உண்டு என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. கேலிக்காகச் சொல்லவில்லை. விற்கிறவன் கூவ வேண்டும். கூவாமல் விற்கிறான் என்றால் அவன் வேறு எதையோ விற்கிறான்.

அது என்னவென்று பார்க்க உன் கடைக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் மூன்று நாள் காலையில் போய் உட்கார்ந்தேன். வேவு பார்த்தேன் என்று கோபப்படு, பரவாயில்லை. மூன்று நாளும் வந்தது அதே முகங்கள். ரிட்டயர்டு வாத்தியார், நம் பால்காரர் சம்சாரம், உன்னோடு பி.காம் படித்த இரண்டு பேர், பங்காளி வீட்டு மருமகள், பிறகு உன் அம்மா. புதிதாக ஒரு தலை உள்ளே நுழையவில்லை. டீக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, "என்னாண்ணே, புள்ள கடையில குடிக்காம இங்க வந்து குடிக்கிறீங்க" என்று ஆரம்பித்தார். வாத்தியார் தன் வீட்டு மாடியிலேயே இதே மாதிரி ஒன்று போட்டுவிட்டார், பால்காரர் சம்சாரம் அடுத்த மாதம் போடப்போகிறாள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம் அந்த மனுஷன் கிளாஸைக் கழுவிக்கொண்டே ஒன்று சொன்னார். "குடிக்க வரவன் பூரா விக்கிறவனா ஆயிட்டா, கடைசியில யாருண்ணே குடிக்கிறது?" நாற்பது வருஷம் வியாபாரம் செய்த எனக்கு அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வராது.

நான்காம் நாள் பௌர்ணமி. அன்றைக்கும் போனேன். உன் கடை பூட்டியிருந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. நம் ஊரில் பௌர்ணமிக்குக் கடை திறக்காதவன் உண்டா? செருப்பைப் பார்த்துக்கொள்வதற்குக் காசு, வீட்டுக் குழாயில் கால் கழுவ விடுவதற்குக் காசு, அடி அண்ணாமலையில் வாசலில் பாயை விரித்துப் பத்து நிமிஷம் படுக்க விடுவதற்குக் காசு. பெரிய கடைக்காரன் சின்னக் கடைக்காரன் என்று இல்லாமல் ஊரே அன்றைக்குத் தெருவில் நிற்கும். உன்னிடம் சாயங்காலம் கேட்டேன், ஏன் லீவு என்று. "வெளியூர்க்காரங்க நாளைக்கு வரமாட்டாங்கப்பா. தெனம் வரவங்கதான் நமக்கு வேணும்" என்றாய், நான் ஏதோ புரியாதவன் போல. யோசித்துப் பார். பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றிக் களைத்து வருகிறவன் வாசலில் கூட்டம் கூட்டமாகப் போகிறான். அவனுக்குச் சத்து பானம் விற்க மாட்டேன் என்கிறது ஒரு சத்து பானக் கடை. ஏன்? அவன் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான். அவனுக்குக் கீழே நாலு பேரைச் சேர்க்கச் சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உங்கள் சரக்கு அந்த டப்பா இல்லை. ஆள்தான் சரக்கு.

இதை உறுதிப்படுத்த நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. உன் நோட்டை நீயே நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாய். தொழில் தொடங்குகிறவனுக்கு உன் சீனியர் கொடுக்கிற முதல் வீட்டுப்பாடம், உனக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுது என்பது. நான் கடை போட்டபோது முதலில் எழுதியது சரக்குப் பட்டியல். துவரம்பருப்பு எத்தனை மூட்டை, மிளகாய் எத்தனை என்று. நீ எழுதியது ஆள் பட்டியல். முதல் பெயர் அம்மா. இரண்டாவது அப்பா. அப்பா பக்கத்தில் நெகட்டிவ் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாய். அதற்கு எனக்கு வருத்தமில்லை, சிரிப்புதான் வந்தது. வியாபாரியைச் சந்தேகக்காரன் என்று சொல்வது பாராட்டு. ஆனால் முதல் பெயரைப் பார்த்ததும் நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி எழுதினால் இது கடிதம் இல்லை, நோட்டீஸ். என் பங்கும் இதில் இருக்கிறது. மாவட்டம் பிரிந்த வருஷம், உனக்கு ஏழு வயது, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வாங்கிக் கடலை மூட்டையாக விற்றுக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு டவுனில் மளிகைக் கடை போட்டேன். மூட்டை தூக்கிய தோள், புழுதி ஏறிய வேட்டி. உன் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்ட வந்தால் வாசலில் இருக்கிறவன் "என்னாய்யா வேணும்" என்பான். அதனால் ஒரு வைராக்கியம். என் பையன் கல்லாவில் உட்காரக் கூடாது, அவன் சட்டை மடிப்புக் கலையாத வேலைக்குப் போக வேண்டும் என்று. லீவு நாளில் நீ கடைக்கு வந்து பொட்டலம் மடிக்க ஆசைப்பட்டபோதெல்லாம் விரட்டினேன். உனக்குச் சரக்கு தெரியாமல் போனது அப்படித்தான். அப்புறம் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குப் போனாய், ஐந்து வருஷமாக அங்கே உன்னை யாரும் மதிக்கவில்லை. இந்தக் கூட்டத்துக்கு முதல்முறை போய்விட்டு வந்த அன்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அப்பா, அங்க என்னை சார்னு கூப்பிடறாங்க." உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த ஒரு வார்த்தையை நான் உனக்கு வேறு எங்காவது வாங்கித் தந்திருக்க வேண்டும். தராததால் அவர்கள் உன் கழுத்தில் டையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், அதுவும் சித்திரை வெயிலில்.

இன்னொன்றும் உண்டு. இது உன் அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். நீ எட்டாவது படித்த வருஷம் கிரிவலக் கூட்டம் மாதத்துக்கு மாதம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. எல்லாரும் அள்ளுகிறார்கள், நாம் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று பௌர்ணமிக்கு மட்டும் அடி அண்ணாமலையில் ஒரு தள்ளுவண்டி போட்டேன். நாவல்கொட்டை, வெந்தயம், சிறுகுறிஞ்சான் எல்லாம் சென்னை மொத்தக் கடையிலிருந்து வாங்கி அரைத்துப் பொட்டலம் கட்டி, "மலை மூலிகைச் சர்க்கரைப் பொடி" என்று அட்டையில் எழுதி வைத்தேன். மலையிலிருந்து அதில் ஒரு இலைகூட இல்லை. மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. "இதைச் சாப்பிடுங்க, அப்பறம் பாருங்க" என்பேன். அவ்வளவுதான். அந்த "அப்பறம் பாருங்க" என்கிற வார்த்தையில் எல்லாமே இருக்கிறது. சொன்னவன் எதையும் சொல்லவில்லை. கேட்டவனுக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டுக்கொள்வான்.

மூன்று பௌர்ணமி கழித்து ஒருவர் வந்தார். செய்யாறு பக்கத்து விவசாயி, என் வயது இருக்கும். வலது காலில் கட்டு, கையில் கோல், மகன் தாங்கிப் பிடித்திருந்தான். முதல் மாதம் என்னிடம் வாங்கியவர் என்று எனக்கு முகம் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார், வண்டியைக் கவிழ்க்கப் போகிறார் என்று அட்டையை மெல்ல இறக்கி வைத்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "மாத்திரை எல்லாம் நிறுத்திட்டேங்க. உங்க பொடிதான். இன்னும் அரைக் கிலோ குடுங்க" என்றார். காலைப் பற்றிக் கேட்டேன். முள் குத்தியது ஆறவில்லை, பொடி இறங்க இறங்க ஆறிடும் என்று எனக்கே சமாதானம் சொன்னார். இப்போது நான் எழுதப்போவதை நீ எத்தனை தரம் வேண்டுமானாலும் படித்துக்கொள். நான் கொடுத்தேன். அரைக் கிலோ நிறுத்து, காசும் வாங்கினேன். வரிசையில் பின்னால் ஆள் நின்றது. அடுத்த மாதம் வண்டி போடவில்லை. அவர் மறுபடி தேடி வந்தாரா, கால் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயந்து நான் விசாரிக்கவும் இல்லை.

இதனால்தான் உன் கடையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு நாற்றம் அடித்தது. ஆனால் உனக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் விற்ற பொடியை நான் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்ததில்லை. நீ விற்பதையே காலையும் ராத்திரியும் குடிக்கிறாய். உன்னைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருடனாக இருந்தால் பயமில்லை, அவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். நம்பிக்கொண்டு விற்கிறவனுக்குத் தெரியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ போன மறுநாள் மதியம் உன் அம்மா கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். துவரம்பருப்பு புதுச் சரக்கு வந்திருந்தது. எப்போதும் போல மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். கையை எடுத்தபோது வளையல் இல்லை. உனக்குத் தெரியும், அவள் இடது கையில் இருக்கிற அந்தத் தங்க வளையல் பதினைந்து வருஷமாகக் கழற்ற முடியாதது, சோப்பு போட்டால்கூட வராதது. அது தானாக நழுவிப் பருப்புக்குள் போய்விட்டது. அவள் சிரித்தாள். "பாத்தீங்களா, எவ்ளோ எளச்சிட்டேன்" என்றாள், பெருமையாக. நான் முழங்கை வரை மூட்டைக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். வளையல் கையில் தட்டுப்பட்டது. அவளைக் கூப்பிட்டு மூட்டை நிறுக்கிற தராசில் ஏறச் சொன்னேன். "ஐய, நான் என்னா மல்லாட்டை மூட்டையா" என்று வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினாள். நாலு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்திருந்தாள்.

எடை குறைந்தால் உன் கிளப்பில் கை தட்டுகிறார்கள். எங்கள் தொழிலில் எடை குறைந்தால் மூட்டையைத் திருப்பிப் பார்ப்போம். வாங்கும்போது நிறுத்த மல்லாட்டை விற்கும்போது குறைவாக நின்றால் அதற்குக் காரணம் இரண்டுதான். ஒன்று காய்ச்சல், அதாவது வெயிலில் ஈரம் போய் உலர்ந்தது. அது நல்லது, சரக்கு கலகலவென்று பேசும். இன்னொன்று, அடியில் எங்கோ எலி ஓட்டை போட்டிருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். முள் குறைந்ததை மட்டும் காட்டும், எதனால் என்று சொல்லாது. பிரித்துப் பார்க்க வேண்டியவன் வியாபாரி. நான் பார்த்தேனா? இல்லை. இரண்டு மாதமாக அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதையும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை கட்டி வந்தவளைப் பார்த்து, "நம்ம கல்யாணத்துல இருந்த மாதிரி இருக்க" என்று சொன்னவன் நான்தான். நாற்பது வருஷம் தராசைப் பிடித்தவனின் கண் லட்சணம் இது.

அன்றே, அவளுக்குச் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார்கள். நானூறைத் தாண்டிப் போய் நின்றது. மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டார். நான் "நிறுத்தலைங்க, ஆறு வருஷமா தவறாம" என்று ஆரம்பித்தேன். உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "நாலு மாசமாச்சு" என்றாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ஏம்மா, நீங்க எளைக்கலை. உருகறீங்க. சர்க்கரை ஏறிப் போய் உடம்பு தன்னத் தானே தின்னுது. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா மயங்கித்தான் வந்திருப்பீங்க" என்றார். இரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்து ஊசி போட்டுத்தான் அனுப்பினார்கள். நீ ராத்திரியில் போன் செய்தபோதெல்லாம் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துதான் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டாள்.

மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று அவளைக் கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். உன் சீனியர் கடைக்கு வந்திருந்த அன்று, "மாத்திரைலாம் எத்தன நாளைக்கும்மா? இத ரெகுலரா குடிங்க, அப்பறம் பாருங்க" என்றாராம். நீ பக்கத்தில் நின்று சிரித்தாயாம். அடி அண்ணாமலையில் நான் சொன்ன அதே வார்த்தை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த டப்பாவின் பின்பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படித்தேன். எறும்பு சைஸ் எழுத்தில், இது எந்த நோயையும் குணப்படுத்துகிற மருந்து இல்லை என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். டப்பா பொய் சொல்லவில்லை, தம்பி. அந்த மாவு விஷம் என்றும் நான் சொல்லவில்லை. டப்பாவுக்கு வக்கீல் இருக்கிறான். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற உனக்குத்தான் யாரும் இல்லை. நாளைக்கு ஒன்று ஆனால், நாங்கள் அப்படிச் சொல்லவில்லை, அந்தப் பையன் சொன்னான் என்று கை காட்டுவார்கள். உன் சீனியர் அப்போது வேறு ஊரில் இருப்பார்.

சரி, இவ்வளவு ஆன பிறகாவது பையனிடம் சொல்லலாம் என்று ஆஸ்பத்திரியிலேயே போனை எடுத்தேன். அவள் ஊசி குத்திய கையோடு எழுந்து உட்கார்ந்து போனைப் பிடுங்கினாள். "வேணாங்க. என் போட்டோவப் பாத்துதான் நாலு பேரு அவன்கிட்ட வராங்க. நான் ஆஸ்பத்திரில படுத்தேன்னு தெரிஞ்சா அவன் கடைய மூட வேண்டியதுதான். அவன் இப்பதான் சிரிக்கறான்." அப்புறம்தான் சத்தியம். அவளுடைய இரண்டு படத்தை நீ கடைச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறாய், இளைப்பதற்கு முன்னால் எடுத்தது ஒன்று, பின்னால் எடுத்தது ஒன்று. பின்னால் எடுத்த படத்தில் அவள் சிரிப்பது உனக்காக. அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தினார்கள் என்று உனக்குத் தெரியுமா? வாத்தியாருக்கும் சர்க்கரை உண்டு. அவரை இன்றைக்கே போய்க் கேள்.

கடையை மூடு என்று நான் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. மூடுவதும் நடத்துவதும் உன் முடிவு. கிளப்புக்காக நீ கேட்ட நம் வீட்டு முன் அறையை மட்டும் இதற்குத் தர மாட்டேன். வேறு எந்த வியாபாரத்துக்குக் கேட்டாலும் நாளையே வெள்ளை அடித்துத் தருகிறேன், நானே கூட வந்து மூட்டை இறக்குகிறேன், உன்னை ஊர் முன்னால் சார் என்றே கூப்பிடுகிறேன். அதெல்லாம் அப்புறம். இப்போது உன்னிடம் கேட்பது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கெல்லாம் அவள் குளித்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பி நிற்பாள். நீ தடுத்தால் கேட்க மாட்டாள். இந்தக் காகிதத்தைக் காட்டினால், உங்கப்பாவுக்குச் சந்தேகப் புத்தி, ரெண்டு நாள் ஜுரம்தான், அதைப் பெரிசு பண்றார் என்பாள். மாத்திரை போடுகிறேன் என்று உன் தலையில் அடித்துச் சொல்வாள். என்னை நம்ப வேண்டாம், டாக்டரம்மாவைக்கூட நம்ப வேண்டாம். ஒரு நாளாவது சந்தேகப்படக் கற்றுக்கொள், அதை உன் அம்மாவிடமிருந்து ஆரம்பி. அவள் உனக்காக எந்தப் பொய்யையும் சொல்வாள். மேடையில் நின்று மைக்கைப் பிடித்துச் சொல்வாள், கை தட்டி முடிக்கும்வரை நிற்கவும் செய்வாள். நீ அவள் விரலைப் பிடித்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்.

அப்பா